சனிக்கிழமை

பெயர் கேட்டேன்.
"சனிக்கிழமை" என்றார்.
தலையில் ஆபரேஷன், காதில் மெஷின்,
கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள்,
படிவத்தில் இருந்த எல்லாவற்றுக்கும்
சனிக்கிழமை, சனிக்கிழமை.
பாவாயிதான் பதில் சொன்னார்:
செங்கோடன். நாற்பத்தாறு. ஆத்தூர்ப் பக்கம்
சேகோ ஆலையில் பம்பு ஓட்டுகிறவர்.
செவ்வாய் விடியலில் சட்டைப் பொத்தானுக்குப் போன வலது கை
பாதியில் நின்றுவிட்டது.
வாயில் இந்த ஒரு சொல் மட்டும் மிச்சம்.

முதல் ஆஸ்பத்திரி கவரில்
ஒரு சிடியும் இரண்டு வரியும்.
குழாயில் பெரிய அடைப்பு ஏதுமில்லை.
காரணம் தெரியவில்லை.
அந்த வரி போய்ச் சேரும் வீட்டில்
காரணங்கள் தாமாக முளைக்கும்.
மச்சானோடு போட்ட சண்டை.
உச்சி வெயிலில் தேய்த்துக்கொண்ட எண்ணெய்.
கோயிலுக்கு முடிந்துவைத்து மறந்த காசு.
பாவாயி ஒவ்வொன்றாக என்னிடம் நீட்டினார்,
மருந்துச்சீட்டை நீட்டுவது போல.
அரைஞாணில் கோத்திருந்த வெள்ளித் தாயத்தை
வெட்டி அவர் கையில் கொடுத்தேன்.

எங்கள் ஸ்கேன் சென்டர் மொட்டைமாடியில்
ராத்திரி டீ குடிக்கும்போது சேர்வராயன் மலை தெரியும்.
மலை என்றா சொன்னேன்?
தெரிவது வண்டி விளக்குகள்.
கொண்டை ஊசி வளைவில் அணைந்து
அடுத்த வளைவில் பற்றிக்கொள்ளும்.
விளக்கு நகர்கிறது, ஆகவே சாலை நன்றாக இருக்கிறது
என்று நம்பிவிடலாம்.
இத்தனை வருஷம் நான் எடுத்த படங்கள் அப்படித்தான்.
ஓடுகிற ரத்தம் வெள்ளையாக மின்னும்,
மின்னினால் சரி.
தடுப்புச்சுவர் எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று பார்க்க
எல்லா விளக்கையும் அணைக்க வேண்டும்.

இந்தப் படத்தில் ரத்தம் கறுப்பு.
ஓடுவதெல்லாம் இருட்டு, நிற்பது மட்டும் தெரியும்.
அரை மில்லிமீட்டர்கூட இல்லாத சுவர்.
தலை இம்மி நகர்ந்தாலும் கலங்கிவிடும்.
"அசையாதீங்க" என்று மைக்கில் சொல்லிவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
பாதி உடம்பு ஏற்கெனவே கீழ்ப்படிந்திருந்தது.

மருந்து ஏற்றுவதற்கு முன் ஒரு முறை.
பின் ஒரு முறை.
இடது நடுத்தமனியில், வளைவைத் தாண்டி,
ஒரு பக்கச் சுவர் மட்டும் பிறையாகத் தடித்து
மருந்து போனதும் பளீரென்றது.
வழி குறுகவில்லை.
மரியாதை தெரிந்த விருந்தாளி போல
வெளிப்பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தது.
"இதுதான்" என்றார் டாக்டர் ரெஜினா.
கொஞ்சம் பொறுத்து,
"இதுவாகத்தான் இருக்கணும்."

சக்கர நாற்காலியைத் திரைக்கு அருகே தள்ளிவந்தோம்.
கொழுப்பு, சுவர், வெடிப்பு என்று
நான் பாவாயிக்குச் சொல்லிக்கொண்டிருக்கையில்
செங்கோடன் இடது கையை நீட்டி
பிறையை நகத்தால் சுரண்டினார்.
"சனிக்கிழமை."

நான் தலையாட்டினேன், எல்லாவற்றுக்கும் ஆட்டியது போலவே.
பாவாயி ஆட்டவில்லை.
"சனிக்கெழமதாங்க பைப்பக் கழட்டுவாங்க.
கெழங்குப் பாலு ஓடுற பைப்பு.
வாரம் பூரா நல்லாத்தான் ஓடும்,
உள்ளார மாவு அப்பிக்கிட்டே இருக்கும்.
சொரண்டாம உட்டா ஒரு நா பத்த பேந்து
போயி வால்வுல குந்திக்கும்.
பைப்பு அடைக்கலீங்க. பேந்ததுதான் அடைச்சது."

அவர் எங்கள் மூவரையும் பார்த்தார்,
இவ்வளவு நேரமா என்பது போல.

ரிப்போர்ட்டில் அதற்கு இடமில்லை.
ஒருபக்கத் தடிப்பு, மருந்து ஏற்பு,
சிதைந்திருக்க வாய்ப்பு என்று போனது.
தேதி போட்டேன். வியாழன்.
வெட்டிய கயிற்றை முடிபோட்டு
பாவாயி தாயத்தை அதே இடுப்பில் கட்டினார்.
அந்தக் கோயில் காசு? என்று
வாசலில் திரும்பி நின்று கேட்டார்.
அது எங்கள் படத்தில் விழாதுங்க என்றேன்.
"சரி, கட்டிடறேன்" என்றார்.